‘முழு அக்சஸ் கொடுத்தாச்சு’ என்று சொன்னால் பணத்தை முடிக்காதீர்கள்

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் செய்துகொடுத்த ஒரு நிறுவனம், மொத்தத் தொகையையும் வாங்கிக்கொண்டு ஒரு லாகினை அனுப்பியது. பதிவு எழுத முடிந்தது, படம் ஏற்ற முடிந்தது, மற்றவர் எழுதியதைத் திருத்தவும் முடிந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு பிளகினை (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) அப்டேட் செய்யப் போனபோதுதான் உண்மை தெரிந்தது: இடப்பக்க மெனுவில் பிளகின்ஸும் இல்லை, செட்டிங்ஸும் இல்லை. கொடுத்தது பதிவுகளை மட்டும் கையாளும் வெறும் எடிட்டர் கணக்கு. தளம் முழுவதையும் ஆளும் அட்மின் வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம்! சொந்தத் தளத்தின் சாவிக்கு இன்னொரு முறை விலை கேட்பது அநியாயம்.

அந்தக் கட்டணத்தைக் கட்டிய பிறகும் பிரச்சினை முடியவில்லை. யூசர்ஸ் பக்கத்துப் பட்டியலில் ஒரே ஒரு அட்மின். ஆனால் அதற்கு மேலே, அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 2 என்று இருந்தது. இந்த எண் முரண்பட்டால் ஒரு கணக்கை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். (எண்ணையும் திருத்திக் காட்ட வழி உண்டு, டேட்டாபேஸின் யூசர்ஸ் அட்டவணையைப் பார்ப்பதே உறுதி.) மறைக்கும் நிரல் பெரும்பாலும் எம்யூ-பிளகின்ஸ் (mu-plugins) ஃபோல்டரில் கிடக்கும். அதில் உள்ளவை தாமாகவே இயங்கும், டாஷ்போர்டிலிருந்து நிறுத்த முடியாது.

நீக்கும்போது வரிசை முக்கியம். முதலில் முழு பேக்கப். அடுத்து ஹோஸ்டிங் ஃபைல் மேனேஜர் வழியாக அந்தக் கோப்பை எடுங்கள். அதை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் அழித்தால், நிரல் அதைத் திரும்ப உருவாக்கிவிடலாம். கணக்கை அழிக்கையில் அதன் பதிவுகளை உங்கள் பெயருக்கு மாற்றும் தெரிவையே எடுங்கள், இல்லாவிட்டால் பக்கங்களும் சேர்ந்து போய்விடும். பிறகு உங்கள் புரொஃபைலில் ‘அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்ஸ்’ (வெளி ஆப்கள் உங்கள் கணக்கில் நுழையத் தரும் தனிப் பாஸ்வேர்டுகள்) பகுதியைப் பாருங்கள். 2020இல் 5.6 பதிப்போடு வந்த வசதி இது. கணக்கைத் திறந்து கொடுத்தவர்களே அதில் ஒன்றைப் போட்டு வைத்திருந்தால், நீங்கள் மெயின் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அது செல்லும். அதை ரிவோக் (ரத்து) செய்யுங்கள். கடைசியாக கான்ஃபிக் கோப்பிலுள்ள (wp-config.php) 8 ரகசியச் சாவிகளையும் மாற்றினால், திறந்திருக்கும் லாகின்கள் எல்லாம் வெளியேறும்.

மற்றவர் கணக்கில் இருக்கும் எடிட்டர் என்ற பெயரையும் நம்பாதீர்கள். ரோல் எடிட்டர் வகைப் பிளகின் (கணக்கு வகைகளின் அனுமதிகளை மாற்றுவது) கூட்டிக்கொடுத்த அனுமதிகள் டேட்டாபேஸில் எழுதப்படுவதால், பிளகினை நீக்கிய பின்னும் தங்கிவிடலாம்.

வேர்ட்பிரஸ் போலத் தளம் செய்யும் வேறு மென்பொருள்களும் உண்டு. ஜூம்லாவில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ உச்சக் குழு இல்லை, ‘சூப்பர் யூசர்ஸ்’தான். ட்ருபாலில் 1ஆம் எண் யூசர் யாரிடம் என்று கேளுங்கள். வழக்கமான அமைப்பில் எந்த அனுமதிச் சோதனையும் அவரைத் தடுக்காது. வேர்ட்பிரஸ் மல்டிசைட் (ஒரே நிறுவலில் பல தளங்கள்) என்றால் ‘சூப்பர் அட்மின்’ வேண்டும்.

கடைசித் தவணைக்கு முன், அவர்கள் தந்த லாகினில் நீங்களே ஒரு பிளகினை நிறுவி நீக்குங்கள், ஒரு புது அட்மினை உருவாக்குங்கள். இரண்டில் ஒன்று முடியாவிட்டாலும் பணத்தை நிறுத்திவையுங்கள்.