மேற்பார்வையாளர்களுக்கு ஒரு தலைமைப் பயிற்சி: பணம் கட்டிப் படித்தவள் எழுதுகிறேன்

நான் 1098 என்ற தொலைபேசி எண்ணில் இயங்கும் குழந்தைகள் உதவி மையத்தில் மேற்பார்வையாளர். மாவட்டத்துக்கு மூன்று மேற்பார்வையாளர்கள், மூன்று வழக்குப் பணியாளர்கள், ஓர் ஆற்றுப்படுத்துநர், எங்கள் எல்லோருக்கும் மேல் ஓர் ஒருங்கிணைப்பாளர். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் வேலை. இதற்கு முன், அந்த எண் தொண்டு நிறுவனங்களின் கையில் இருந்த காலத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் களப்பணியாளராக இருந்தேன். 2023இல் மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் உதவி மையங்கள் அரசின் பொறுப்புக்கு வந்தபோது விண்ணப்பித்து மேற்பார்வையாளரானேன். முந்தைய நாள் வரை என்னோடு ஒரே கடையில் டீ குடித்தவர்களுக்கு மறுநாள் நான் மேலதிகாரி.

சட்டம் சொல்லித் தந்தார்கள். படிவம் நிரப்பச் சொல்லித் தந்தார்கள். இணையதளத்தில் பதிவேற்றச் சொல்லித் தந்தார்கள். நாள் முழுவதும் தொலைந்த குழந்தைகளையும் அடிபட்ட குழந்தைகளையும் பார்த்துவிட்டு வருகிறவர்களை எப்படி நடத்துவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஓர் அறிவிப்பைப் பார்த்துத்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன்: குழந்தைப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் மேற்பார்வையாளர்களுக்கான இணையவழித் தலைமைப் பயிற்சி, எட்டு வாரம். கட்டணம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு மூவாயிரம். நான் மூவாயிரம் கட்டினேன்.

நடத்தும் நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், பணியில் இருந்துகொண்டு பெயர் சொல்லிக் குறை கூறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதே மாதிரி வேறு பயிற்சியில் சேர நினைப்பவர்களுக்கும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

முதல் இரண்டு வாரங்கள் வீண். தலைவர்களில் எத்தனை வகை, நீங்கள் எந்த வகை, நாற்பது கேள்விக்கு விடை சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள் என்கிற ரகம். எந்தக் கம்பெனி மேலாளருக்கும் பொருந்தும் பாடம். இரண்டாம் வார முடிவில் விட்டுவிடலாம் என்றிருந்தேன். பணம் கட்டியதற்காகத்தான் மூன்றாம் வாரத்தைத் திறந்தேன்.

மூன்றாம் வாரம் ஆல்ஃபிரட் கடூஷின் என்கிற அமெரிக்கப் பேராசிரியரின் கருத்திலிருந்து தொடங்கியது. சமூகப் பணியில் மேற்பார்வை என்பதற்கு மூன்று வேலைகள் உண்டு என்றவர் அவர். நிர்வாகம் ஒன்று, கற்றுக்கொடுப்பது ஒன்று, பணியாளரைத் தாங்கிப் பிடிப்பது ஒன்று. பயிற்சியில் ஒரு தாளைக் கொடுத்து, போன வாரம் உங்கள் பணியாளர்களோடு பேசியதையெல்லாம் இந்த மூன்றுக்குள் பிரித்து எழுதுங்கள் என்றார்கள். நான் நேர்மையாகவே எழுதினேன். முதல் கட்டம் நிரம்பி, தாளின் பின்பக்கமும் போனது. இரண்டாவதில் இரண்டு வரி. மூன்றாவது காலி.

அது ஏன் அப்படி ஆனது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வேலை கெடுவில் ஓடுகிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள், அந்தக் குழந்தையின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும். குழந்தையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள். இந்தக் கெடுக்கள் குழந்தையின் நன்மைக்காக வைத்தவை, ஒரு மணி நேரம்கூடத் தளர்த்தக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் கெடுவையே பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளரின் வாயில் கெடு பற்றிய கேள்வி மட்டுமே வரும். முன்னிலைப்படுத்தியாயிற்றா? மருத்துவப் பரிசோதனை முடிந்ததா? அறிக்கை எங்கே? போட்டோ ஏன் வரவில்லை? இரண்டு ஆண்டுகளாக நான் கேட்டது இவ்வளவுதான்.

நான்காம் வாரத்துக்காகவே இந்தப் பயிற்சியில் சேரலாம். வாரம் முழுவதும் ஒரே ஒரு குழந்தையின் கதை. விக்டோரியா கிளிம்பியே. ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவள். நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் உறவுக்காரப் பெண்மணி ஒருவரோடு அனுப்பிவைத்தார்கள். பிரான்ஸ் வழியாக 1999இல் லண்டன் போனாள். 2000 பிப்ரவரி 25 அன்று, எட்டு வயதில், இறந்தாள். உடம்பில் 128 காயங்கள். உறவுக்காரப் பெண்மணியும் அவருடைய ஆண் நண்பரும் கொலைக் குற்றவாளிகள் என்று 2001இல் தீர்ப்பானது. லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003இல் வெளிவந்தது, 108 பரிந்துரைகள். அவளைக் காப்பாற்றப் பன்னிரண்டு வாய்ப்புகளாவது இருந்தன, எல்லாம் தவறவிடப்பட்டன என்றது அந்த அறிக்கை. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் குழந்தைகள் சட்டமே புதிதாக வந்தது.

பயிற்சியில் இதை ஒரு சோகக் கதையாகச் சொல்லவில்லை. தேதி வாரியாக நகர்த்திக்கொண்டே வந்து, ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இந்த நாளில் நீங்கள் அந்தப் பணியாளரின் மேற்பார்வையாளராக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?

அதில் ஓர் இடம் என்னை இன்னும் விடவில்லை. சந்தேகப்படும்படியான காயங்களோடு அவள் மருத்துவமனைக்கு வருகிறாள். பார்த்த மருத்துவர் சிரங்கு என்கிறார். சொறிந்ததால் வந்த புண் என்று காகிதத்தில் ஏறிவிடுகிறது. பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள், சிரங்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து போகவில்லை. நான் வீடியோவை நிறுத்திவிட்டேன். இங்கே குழந்தைகள் இல்லங்களில் சிரங்கு அன்றாடம் பார்ப்பது. பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துவரும் பிள்ளைகளில் விரலிடுக்கில் சிரங்கு இல்லாதவர்கள் குறைவு. “உடம்பெல்லாம் சிரங்குதான் மேடம், மருந்து கொடுத்தாயிற்று” என்று எத்தனை முறை எனக்குப் போனில் சொல்லியிருக்கிறார்கள், எத்தனை முறை நான் சரி என்று சொல்லி அடுத்த அழைப்புக்குப் போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்தப் புண்களில் ஏதாவது ஒன்று சிரங்கு இல்லையோ என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விக்டோரியாவின் வழக்கைக் கையில் வைத்திருந்த களப்பணியாளர் இளையவர். கையில் அளவுக்கு மீறிய வழக்குகள். விக்டோரியாவை அவர் பார்த்தது மொத்தம் நான்கு முறை. அவருக்குக் கிடைத்த மேற்பார்வை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை விசாரணை அறிக்கை விரிவாகவே பேசுகிறது. கேள்வி கேட்க வேண்டிய ஒருவர் கேட்காமல் விட்ட இடத்தில்தான் அந்தக் குழந்தை போனாள். இதை ஓர் ஊழியராக இருந்தபோது படித்திருந்தால் வேறு மாதிரிப் படித்திருப்பேன். மேற்பார்வையாளராகப் படிப்பது வேறு.

அந்த வாரப் பாடத்தை எங்கள் அலுவலகத்தில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். குழந்தையின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஆகவே ஊர், நாள், குடும்ப விவரம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பதினாறு வயதுப் பெண்ணுக்குத் திருமணம் என்று அழைப்பு வந்தது. எங்கள் வழக்குப் பணியாளர், இருபத்தாறு வயதுப் பெண், சமூகநலத் துறையினரோடும் போலீஸோடும் போய்த் திருமணத்தை நிறுத்திவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பினாள். பழைய வழக்கப்படி என்றால் எழுதி வாங்கியாயிற்றா, அந்தப் பெண் எங்கே தங்கியிருக்கிறாள், காலையில் குழுவின் முன் எத்தனை மணிக்கு என்று மூன்று கேள்விகளோடு முடித்திருப்பேன். அன்று அவற்றைக் கேட்ட பிறகு அவளை உட்காரச் சொன்னேன். டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, “அந்த வீட்டில் நீ பார்த்ததில், படிவத்தில் எழுத இடமில்லாதது என்ன?” என்று கேட்டேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, “அடுப்படியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள் அக்கா. தங்கையாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் ஒரே குண்டானைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது” என்றாள்.

அன்று புதன்கிழமை, பள்ளி நாள். மறுநாளே போய் விசாரித்தோம். அந்தச் சின்னப் பெண் ஆறாம் வகுப்போடு நின்று ஐந்து மாதமாகியிருந்தது. வெளியூர்ச் செங்கல் சூளைக்குக் குடும்பம் வாங்கியிருந்த முன்பணத்தில் அவளுடைய கைகளும் சேர்த்துப் பேசப்பட்டிருந்தன. இப்போது பள்ளிக்குப் போகிறாள். மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. எங்களுக்கு வந்த அழைப்பில் அவள் இல்லை, படிவத்தில் அவளுக்குக் கட்டம் இல்லை.

இதற்குப் பிறகு வாரம் ஒருமுறை ஒவ்வொரு பணியாளரோடும் நாற்பது நிமிடம் தனியாக உட்காருகிறேன். அந்த நேரத்துக்கு என் போனை இன்னொரு மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு நானும் அப்படியே. ஒரு நீள நோட்டில் மூன்று கோடு போட்டு, கடூஷினின் மூன்று வேலைகளையும் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது கட்டம் இப்போதும் சிறியதுதான், ஆனால் காலியாக இல்லை.

பயிற்சியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஒரு வழிகாட்டியோடு தனியாகப் பேசலாம். எனக்குக் கிடைத்தவர் வட மாநிலம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் இதே துறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெண்மணி. என் உடைந்த ஆங்கிலத்தை அவர் ஒருமுறையும் அவசரப்படுத்தவில்லை. கட்டிய மூவாயிரத்தில் பாதி அவருக்காக என்று வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே. சக பயிற்சியாளர்கள் ஐந்து பேராக ஒரு குழு. ஒடிசாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்களோடு பேசும்போது எல்லோருடைய பிரச்சினையும் ஒன்றாகவே இருந்தது: ஆள் போதாது, வண்டி கிடைக்காது.

இனிக் குறைகள். முதலாவது மொழி. நேரடி வகுப்பு ஆங்கிலத்தில். பதிவு செய்த பாடங்களுக்குத் தமிழ் எழுத்து ஓடும் என்று விளம்பரத்தில் இருந்தது. ஓடியது, ஆனால் இயந்திரம் மொழிபெயர்த்தது. ‘சைல்டுலைன்’ என்பது ‘குழந்தை உதவி’ என்று வர வேண்டிய இடத்தில் ‘குழந்தை வரி’ என்று வந்தது. அதையாவது புரிந்துகொள்ளலாம். மேற்பார்வை என்று வர வேண்டிய எல்லா இடத்திலும் ‘கண்காணிப்பு’ என்று வந்தது பெரிய தவறு. கண்காணிப்பு என்பது திருடனையும் வெள்ளத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. பணியாளரைத் தாங்கிப் பிடிப்பதுதான் தலைமை என்று சொல்லித்தரும் பாடத்தில், திரையின் அடியில் ‘உங்கள் பணியாளரைக் கண்காணியுங்கள்’ என்று ஓடினால் ஆங்கிலம் தெரியாத மேற்பார்வையாளர் எதைக் கற்றுக்கொள்வார்? மாவட்டங்களில் இந்த வேலையில் இருப்பவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து ஒரு மாதம் திருத்தினால் போதும். கருத்துப் படிவத்தில் இதை இரண்டு முறை எழுதினேன். நன்றி என்று ஒரு பதில் வந்தது.

இரண்டாவது, நேரம். நேரடி வகுப்பு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. எங்களுக்கு அது குழந்தைகள் நலக் குழுவின் அமர்வும் களப்பணியும் உள்ள நேரம். எட்டு வகுப்பில் நான் முழுதாக உட்கார்ந்தது மூன்று. நேரடி வகுப்பின் பதிவு ஒரு வாரத்தில் அழிந்துவிடும். வேலையில் இருப்பவர்களுக்கான பயிற்சி என்று சொல்லிவிட்டு இப்படி வைக்கக் கூடாது.

ஆறாம் வாரம், தரவுகளைக் கொண்டு முடிவெடுப்பது, முழுக்க முழுக்க வெளிநாட்டு அலுவலகங்களை மனதில் வைத்துச் செய்தது. ஒரு பணியாளரிடம் இருக்கும் வழக்குகளைக் குறையுங்கள், புதிய வழக்கை மாற்றிக் கொடுங்கள் என்கிறது. மூன்றே பணியாளர்கள் இருக்கும் இடத்தில் யாருக்கு மாற்றுவது? ஆள் நியமிக்கும் அதிகாரம் இல்லாத, தானே தொகுப்பூதியத்தில் இருக்கும் மேற்பார்வையாளர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். அதை வழிகாட்டி அம்மாதான் எனக்குச் சொல்லித் தந்தார்: குறைபாட்டை வாயால் சொல்லாதே, தேதி போட்டு மேலே எழுத்தில் அனுப்பு, நகலை வைத்துக்கொள். பாடத்தில் இது இல்லை.

பணியாளர்களின் மனச்சோர்வு பற்றிய ஐந்தாம் வாரம் நன்றாக இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. ஏழும் எட்டும் சுமார்.

சேர நினைப்பவர்களுக்கு: கைப்பேசியில் படிக்க முடியும் என்கிறார்கள், ஆனால் தேதி வாரியான அந்த நான்காம் வாரப் பாடம் சின்னத் திரையில் சரியாகத் தெரியாது, யாரிடமாவது மடிக்கணினி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சலுகைக் கட்டணத்துக்கு அலுவலகக் கடிதம் வேண்டும், அது கைக்கு வர எனக்குப் பதினோரு நாள் ஆனது, முன்கூட்டியே கேளுங்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் மொழி என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தமிழ் என்று குறியுங்கள். எங்கள் அணியில் அப்படிக் குறித்தவள் நான் ஒருத்திதான், ஒருவருக்காகத் தமிழ் தெரிந்த வழிகாட்டியைத் தேட முடியாது என்றார்கள். பத்துப் பேர் குறித்தால் தேடித்தான் ஆக வேண்டும்.