ஆதிப்புள்ளியா, முனையா: எதை மையமாக வைத்துப் பெரிதாக்குவது?

ஏற்காடு ஏரியின் படத்தைக் கிராப் தாளில் பெரிதாக்கும் சேலம் மாணவர்களுக்கு வரும் குழப்பம் இது. எளிதாக ஒரு முக்கோணம் எடுப்போம்: அ(2,1), ஆ(4,1), இ(2,3). மடங்கு 3.

ஆதிப்புள்ளி, அதாவது அச்சுகள் வெட்டும் (0,0): ஒவ்வொரு புள்ளியின் இரு எண்களையும் 3-ஆல் பெருக்கினால் போதும். (6,3), (12,3), (6,9).
முனை அ: அ-வைக் கழித்து, 3-ஆல் பெருக்கி, மீண்டும் அ-வைக் கூட்டுங்கள். (2,1), (8,1), (2,7). பலரும் தவறுவது கடைசிக் கூட்டலில்தான். அளவு சரியாகவே வருவதால் பிழை கண்ணில் படாது; அ போய் (0,0)-இல் நின்றால் கூட்டலை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

இடம்: முன்னதில் உருவமே தள்ளிப்போகும், சிறிய தாளில் இடம் போதாது. பின்னதில் அ அசையாது.

பரப்பு: இரண்டிலும் 2-லிருந்து 18.

தேர்வில் வேகம் வேண்டுமானால் ஆதிப்புள்ளி. படகுத்துறையைக் குறித்த முனை நகரக்கூடாது என்றால் அந்த முனையே மையம்.