வேலூரில் எஃப்.இ.ஏ. கோர்ஸில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எஃப்.இ.ஏ. (ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ், அதாவது ஒரு பாகத்தைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, அது லோடைத் தாங்குமா என்று கணக்கிடும் முறை) கற்றுக்கொள்ளப் பயிற்சி மையம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, டிப்ளமோவோ பி.இ. மெக்கானிக்கலோ முடித்துவிட்டு சிப்காட்டில் சின்னச் சம்பளத்தில் டிராயிங் போட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் படிக்க வேண்டும். புகார் நடந்துகொண்டிருப்பதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வது முக்கியம். நாளைக்கே போர்டை மாற்றிக்கொண்டு வேறு தெருவில் திறக்கலாம்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கம்ப்யூட்டரில் டிராயிங் (CAD) போடுகிறேன். தோல் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் பேஸ், ப்ராக்கெட், ஆட்கள் ஏறி நிற்கும் பிளாட்ஃபார்ம் எல்லாம் செய்து கொடுக்கிறோம். முதலாளி பாய் ஒவ்வொரு வேலைக்கும் என்னிடம் வந்து, "தம்பி, 10 எம்.எம். தகடு தாங்குமா, 16 போட்டுடலாமா?" என்று கேட்பார். எனக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து ஒரு குத்துமதிப்பில் தடிமனாகப் போட்டுவிடுவோம். இந்தக் கேள்விக்கு ஒருநாள் உறுதியாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசையில்தான் எஃப்.இ.ஏ. படிக்கப் போனேன்.

போன ஆடி மாதம், "ஆடி ஆஃபர், 85,000 ரூபாய் கோர்ஸ் 60,000-க்கு, நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று போனுக்கு விளம்பரம் வந்தது. முத்துக்கடையில் பஸ் ஏறி வேலூர் போனேன். ஏசி அறை, சுவரெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கார் மோதும் படங்கள். கவுன்சிலர் மேடம் அன்பாகத்தான் பேசினார். "மொத்தமா கட்ட வேணாம் சார். வட்டியில்லாத் தவணை, மாசம் 5,000, பன்னிரண்டு மாசம்" என்றார். ஒரு டேப்லெட்டைக் கொடுத்து ஆதார் எண் போடச் சொன்னார், வந்த ஓ.டி.பி.-யைக் கேட்டார், ஒரு செல்ஃபி எடுத்தார். அட்மிஷன் ஃபார்ம் என்று நினைத்துக் கொடுத்தேன். அந்த இடத்தில் நான் திரையில் இருந்ததைப் படித்திருக்க வேண்டும்.

வகுப்பு தொடங்கியது. சொல்லிக்கொடுத்த சார் முந்தைய பேட்ச்சில் அதே கோர்ஸை முடித்தவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் சம்பளம் சரியாக வருவதில்லை என்று பிறகு தெரிந்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் லைசென்ஸ் இல்லாத, உடைத்த மென்பொருள். இரண்டு மாதத்தில் நடந்த பாடம் இவ்வளவுதான்: மாடலை இறக்கு, மெட்டீரியல் கொடு, மெஷ் போடு (துண்டுகளாகப் பிரி), ஒரு முகத்தை ஃபிக்ஸ் பண்ணு (அசையாமல் பிடி), லோடு கொடு, சால்வ் அழுத்து, கலர் படத்தை ரிப்போர்ட்டில் ஒட்டு. எந்த முகத்தை ஏன் ஃபிக்ஸ் பண்ண வேண்டும் என்று ஒருநாளும் பேசவில்லை. வந்த விடை சரியா என்று கையால் போட்டுப் பார்க்கச் சொன்னதே இல்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை பணத்தைவிடப் பெரிய ஆபத்து.

முதலாவது, கம்ப்யூட்டர்கள் பழையவை என்பதால் சால்வ் ஆக நேரம் எடுக்கும். அதற்கு அவர் சொன்ன வழி, "எலிமென்ட்டுல மிட்சைடு நோடை எடுத்துடுங்க, சீக்கிரம் முடியும்." எலிமென்ட் என்பது மெஷ்ஷின் ஒரு துண்டு, டெட்ரா என்பது நான்கு முகத் துண்டு, நோடு என்பது அதில் கணக்குப் போடும் புள்ளி. அதாவது மூலைகளோடு விளிம்புகளின் நடுவிலும் புள்ளி இருக்கும் பத்து நோடு டெட்ராவுக்குப் பதில், மூலைகளில் மட்டும் புள்ளி இருக்கும் நான்கு நோடு டெட்ரா. நாங்களும் அப்படியே செய்தோம்.

இரண்டாவது, ஒரு எல் வடிவ ப்ராக்கெட். உள் மூலை கூராக இருக்கும். முதல் மெஷ்ஷில் அந்த மூலையில் ஸ்ட்ரெஸ் (ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை, எம்.பி.ஏ. அதன் அலகு) 140 எம்.பி.ஏ. காட்டியது. மெஷ்ஷைச் சின்னதாக்கினால் 190, இன்னும் சின்னதாக்கினால் 260. மைல்ட் ஸ்டீலின் ஈல்டு (இதைத் தாண்டினால் நிரந்தரமாக வளைந்துவிடும்) 250. எது சரி சார் என்று கேட்டேன். "250-க்குள்ள வர்ற மெஷ்ஷை வெச்சுக்கோங்க" என்றார். அன்றைக்கே எனக்கு மனசு உறுத்தியது. பிறகுதான் காரணம் புரிந்தது. கணக்கின்படி, கூரான உள் மூலையில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு முடிவே கிடையாது. மெஷ்ஷைச் சின்னதாக்க ஆக்க எண் ஏறிக்கொண்டேதான் போகும். அங்கே நிஜத்தில் இருக்கும் ஃபில்லெட்டை (மூலையின் சிறு வளைவை), வெல்டிங்கை மாடலில் கொண்டுவர வேண்டும். அல்லது மூலையை விட்டுத் தள்ளி, மெஷ் மாறினாலும் எண் மாறாத இடத்தில் படிக்க வேண்டும். நமக்குப் பிடித்த எண் வரும் மெஷ்ஷைத் தேர்ந்தெடுப்பது அனாலிசிஸ் இல்லை, ஏமாற்று.

என் பெரியப்பா பெல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஃப்.இ.ஏ. தெரியாது, ஆனால் கை கணக்கு தெரியும். என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்குடா. எண் சரியான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கே வந்துவிட்டார். மீந்து கிடந்த 50-க்கு 10 ஃபிளாட்டை எடுத்து வைஸில் கடித்து, 300 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டு டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவியை) வைத்தார். முள் 1.1 மில்லிமீட்டரில் நின்றது.

அப்புறம் ஒரு அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். முனை எவ்வளவு தாழும் என்பதற்கான சூத்திரம், பி.எல். கியூப் பை 3 ஈ.ஐ. எடை சுமார் 100 நியூட்டன், நீளம் 300, ஈ மதிப்பு (ஸ்டீலின் விறைப்பு) 2 லட்சம், ஐ மதிப்பு (தகட்டின் அகலம், தடிமனிலிருந்து வருவது) 4,167. விடை 1.08. வைஸின் கொஞ்ச நெகிழ்வைச் சேர்த்தால் டயல் கேஜோடு ஒத்துப்போகிறது. நான் மையத்தில் கற்ற முறையிலேயே, தடிமனில் ஒரே அடுக்கு நான்கு நோடு டெட்ரா போட்டு ஓட்டினேன். அரை மில்லிமீட்டர்கூட வரவில்லை. ஸ்ட்ரெஸ்ஸும் கை கணக்கில் 36 எம்.பி.ஏ., என் படத்தில் அதில் பாதிகூட இல்லை.

காரணம் எளிமையானது. நான்கு நோடு டெட்ராவுக்குள் ஸ்ட்ரெயின் (இழுபடும் அல்லது அமுங்கும் அளவு) எங்கும் ஒரே அளவாகத்தான் இருக்க முடியும். வளைகிற தகட்டில் மேல்பக்கம் இழுபடுகிறது, அடிப்பக்கம் அமுங்குகிறது. ஒரே அடுக்கில் அதைக் காட்ட வழியில்லை. அதனால் தகடு உண்மையைவிட விறைப்பாக இருப்பதுபோல் விடை வரும். மிட்சைடு நோடைத் திரும்பச் சேர்த்து ஓட்டியதும் 1.08-ஐ ஒட்டி வந்துவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுண்ணாம்புக் குழிக்கு மேலே ஆட்கள் நிற்கும் பிளாட்ஃபார்ம் ஒன்றுக்கு, "10 எம்.எம். போதும் பாய்" என்று சொல்ல நான் அந்த வாரம்தான் ரிப்போர்ட் தயார் செய்துகொண்டிருந்தேன்.

பணத்தின் கதைக்கு வருகிறேன். முதல் மாதம் கணக்கிலிருந்து 5,000 போகவில்லை, 5,800 போனது. மையத்தில் கேட்டால், "அது ஃபைனான்ஸ்காரங்க விஷயம்" என்றார்கள். டேப்லெட்டில் நான் ஓ.டி.பி. கொடுத்தது ஒரு நிதி நிறுவனத்தின் தனிநபர் கடனுக்கு. 60,000 ரூபாயும் அன்றைக்கே மையத்துக்குப் போய்விட்டது. நான் கட்டப்போவது 69,600. கோர்ஸை விட்டுவிடுகிறேன், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், ஃபார்மில் திருப்பித் தரமாட்டோம் என்ற வரியைக் காட்டுகிறார்கள். தவணையை நிறுத்தினால் மையத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அபராதமும் சிபில் அடியும் எனக்குத்தான். இதை நானே ஒரு மாதம் நிறுத்திப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வேலை உத்தரவாதம் என்றது இரண்டு இன்டர்வியூ. இரண்டுமே சென்னையில் கிரெடிட் கார்டு விற்கும் வேலை.

என் பேட்ச்சில் குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்குத் தறி வேலை. அம்மாவின் செயினை அடகு வைத்து முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டியவள். எங்களிலேயே நன்றாகக் கணக்கு வருவது அவளுக்குத்தான். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் இன்று எங்கேயோ இருந்திருப்பாள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அது தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள். கடன் விஷயத்தில் முதலில் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம். டிஜிட்டல் கடனில் தொடக்கத்தில் ஒரு சிறு கால அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியே வந்துவிடலாம். எனக்கு இது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

எந்த மையத்துக்குப் போனாலும், சேருவதற்கு முன் சொல்லிக்கொடுக்கும் ஆளையே நேரில் பாருங்கள், கவுன்சிலரை அல்ல. நடுவில் சின்ன ஓட்டை போட்ட அகலமான தகட்டை இழுத்தால் ஓட்டை ஓரத்தில் ஸ்ட்ரெஸ், ஓட்டையை விட்டுத் தள்ளியிருக்கும் இடத்தைப்போல எத்தனை மடங்கு என்று கேளுங்கள். மூன்று மடங்கு என்று சொல்லி, அதை மென்பொருளில் கொண்டுவந்தும் காட்டினால் உட்காரலாம். லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். தவணை என்றால் யாருக்குக் கட்டுகிறோம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஓ.டி.பி.-யை வாயால் சொல்லாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதத்துக்கு மையமே வேண்டாம். என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் ஃபைனைட் எலிமென்ட் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். கணிதம் கடினம்தான், ஒரு வீடியோவை மூன்று தடவை பார்க்க வேண்டியிருக்கும். பழக, அன்சிஸ் என்ற எஃப்.இ.ஏ. மென்பொருளின் மாணவர் பதிப்பு இலவசம், நோடு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆனால் கற்பதற்குத் தாராளம். கால்குலிக்ஸ் வரம்பே இல்லாத திறந்த மென்பொருள். பிரீபோமேக்ஸ் என்ற இலவச முகப்போடு சேர்த்தால் என் பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது. காண்டிலீவரை (பெரியப்பா வைஸில் கடித்ததுபோல் ஒரு முனையை மட்டும் பிடித்த தகட்டை) முதலில் போடுங்கள், கை கணக்கோடு ஒத்துவரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். ரியாக்‌ஷன் ஃபோர்ஸும் (பிடித்த இடம் திருப்பித் தரும் விசை) கொடுத்த லோடும் சமமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அந்தப் பிளாட்ஃபார்மை 10-லிருந்து 12-ஆக்கி, அடியில் ஆங்கிள் கொடுத்து முடித்தோம். பெரியப்பா கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போன பிறகே பாய் வெட்டச் சொன்னார். எனக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி. 1915-லிருந்து பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரி ஓ.டி.பி. கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே ஆணையத்துக்குப் போகலாம்.