நிலக்கரியா, எரிவாயுவா: நின்ற நிலையம் எழும்ப எவ்வளவு நேரம்?

திருகோணமலையின் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டும் திட்டத்தை இலங்கை அரசாங்கம் 2016இல் கைவிட்டது. ஆனாலும் கரண்ட் பில் ஏறும்போதெல்லாம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய பேச்சு திரும்ப எழும்பும்: நிலக்கரிதானே மலிவு, அதையே கட்டியிருக்கலாமே என்று. எரிபொருள் செலவை மட்டும் பார்த்தால் அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் நாட்டுக்கு அடுத்த பெரிய நிலையம் எது என்று கேட்டால், நாங்கள் எரிவாயுக் கூட்டுச் சுழற்சி நிலையத்தின் பக்கம், அதாவது கேஸ் டர்பைனும், அதன் சூடான புகையில் நீராவி எடுத்து ஓடும் இன்னொரு டர்பைனும் சேர்ந்த நிலையம். அதற்குப் புகையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: நின்றுபோன நிலையம் மறுபடி ஓட எடுக்கும் நேரம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். நாட்டின் ஒரே நிலக்கரி மின்நிலையமான நுரைச்சோலையில் இருப்பது போன்ற சாதாரண நிலக்கரி அலகு (ஒரு பொயிலரும் அதன் டர்பைனும் சேர்ந்த தொகுதி) எரிபொருளின் வெப்பத்தில் 36 முதல் 38 சதவீதத்தை மின்சாரமாக்கும்; கூட்டுச் சுழற்சி 50ஐத் தாண்டும், புதிய பெரிய இயந்திரங்கள் 60ஐயும் தொடும். ஒரு யூனிற் மின்சாரத்துக்கு வெளியேறும் கரியமில வாயு எரிவாயுவில் பாதிக்கும் குறைவு. சாம்பல் இல்லை, நிலமும் குறைவாகப் போதும். நிலக்கரியின் பலம், அதை மாதக்கணக்கில் குவித்து வைக்கலாம் என்பது. நுரைச்சோலையில் குவித்தே ஆகவேண்டும். தென்மேல் பருவத்தில் கடல் கொந்தளிக்கும்போது நங்கூரமிட்ட கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது. முழுச் சுமையில் ஒரு 300 மெகாவாட் அலகு மணிக்கு 110 தொன் அளவில் எரிக்கும். அங்கே இருப்பது மூன்று அலகுகள். குவியலைப் புல்டோசரால் அமுக்கி வைக்காவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்து தானாகப் பற்றிக்கொள்ளும்.

இனி முக்கியமான விஷயம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் வந்த கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. கரண்ட் அன்றைக்கே திரும்பிவிட்டது. நுரைச்சோலை திரும்பவில்லை. 10ஆம், 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. 2020 ஆகஸ்ட் 17 இருட்டடிப்புக்குப் பிறகும் இதே கதைதான். வாழைச்சேனை ஐஸ் தொழிற்சாலைக்கும் சம்மாந்துறை நெல் ஆலைக்கும் வந்த வெட்டு, பாணந்துறைக் கோளாறால் நேராக வந்ததல்ல; நிலக்கரி அலகு எழும்பத் தாமதித்ததால் வந்தது.

ஏன் தாமதிக்கிறது? மின்கட்டமைப்பு விழுந்ததும் அலகு தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். கடல்நீர்ப் பம்புகள் நிற்க, டர்பைனை விட்டு வரும் நீராவியைக் குளிர்த்தி நீராக்கும் கண்டென்சரின் வெற்றிடம் கலையும். அந்த நேரத்தில் நீராவி உள்ளே போனால், குறைந்த அழுத்த டர்பைனின் மேலுள்ள பாதுகாப்புத் தகடு கிழியும். அதை மாற்றாமல் மறுபடி வெற்றிடம் இழுக்க முடியாது. பெயரிங்குகளுக்கு பற்றரியில் ஓடும் அவசரப் பம்புதான் எண்ணெய் கொடுக்கும். 500 பாகையில் இருந்த சுழலித் தண்டு அசையாமல் கிடந்தால் தன் பாரத்திலேயே வளைந்துவிடும் என்பதால், அவசர டீசல் ஜெனரேட்டரின் மின்சாரத்தில் அதை நிமிடத்துக்கு மூன்று நான்கு சுற்றாக உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இதில் தவறினால் பேச்சு நாட்களில் இல்லை, மாதங்களில்.

பிறகுதான் தொடக்கம். அதற்கும் வெளியிலிருந்து மின்சாரம் வரவேண்டும். நீர்ப் பம்பு, காற்று விசிறிகள், நிலக்கரி அரைக்கும் ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு அலகே 20 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும். நீர்மின் நிலையங்கள் எழும்பி அதைத் தரும்வரை காத்திருப்புத்தான். உலையில் தங்கிய வாயுவை ஐந்து நிமிடமாவது காற்றால் ஊதி வெளியேற்றி, டீசல் சுடரில் பற்றவைக்கிறார்கள். நீரிலிருந்து நீராவி பிரியும் கலனான பொயிலர் டிரம்மின் இரும்புச் சுவர் ஏறக்குறைய 14 சென்றிமீற்றர் தடிப்பு. மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் சுமார் 50 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் உலோகம் வெடிப்பு விடத் தொடங்கும். ஆகவே வெப்பத்தை மெல்ல மெல்லத்தான் ஏற்றலாம். டிரம் நீரில், டர்பைனில் போய்ப் படியக்கூடிய சிலிக்கா கூடினால் வடித்து வடித்துக் காத்திருக்கவேண்டும். டர்பைன் உலோகத்தைவிடக் குளிர்ந்த நீராவியை உள்ளே விடவும் கூடாது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு ஏறும் வழியில் தண்டு அதிரும் வேகங்களை நிறுத்தாமல் தாண்டி, கட்டமைப்போடு இணைத்தபின், நிலக்கரி ஆலைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். ஆலையிலிருந்து வெளிவரும் காற்று 70, 80 பாகைக்கு மேல் போனால் தூள் பற்றும். குறைந்தால் ஈரத்தூள் குழாயை அடைக்கும். குளிர்ந்த அலகு இத்தனையையும் கடக்கப் பத்து மணிநேரத்துக்கு மேல் வேண்டும், அதுவும் எல்லாம் சரியாகப் போனால். இடையில் ஒரு பொயிலர் குழாய் கசிந்தால், உலைக்குள் ஆள் இறங்கும் அளவுக்குக் குளிரவே ஒன்றிரண்டு நாள் போய்விடும். உமி எரிக்கும் நெல் ஆலைப் பொயிலரை அவசரத்தில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இங்கே இரும்பு மட்டும் பல மடங்கு தடிப்பு.

கேஸ் டர்பைனில் அந்தத் தடித்த டிரம்முக்காக முதலில் காத்திருக்கத் தேவையில்லை. கெரவலப்பிட்டிய யுகதனவி கூட்டுச் சுழற்சி நிலையத்தின் 300 மெகாவாட்டில் இரண்டு கேஸ் டர்பைன்கள், அவற்றின் 500 பாகை தாண்டிய புகையில் நீராவி பெறும் மூன்றாவது டர்பைன் ஒன்று. கேஸ் டர்பைனைச் சுழற்றி, உள்ளே காற்றால் ஊதி, பற்றவைத்தால் அரைமணி நேரத்துக்குள் முழுச் சுமைக்கு வரும். புகையைப் பொயிலருக்குள் விடாமல் நேரே வெளியேற்றும் வழி இருந்தால் தனியாகவும் ஓடும். நீராவிப் பகுதி தன் பாட்டில் சில மணிநேரத்தில் சேர்ந்துகொள்ளும். சிறிய டீசல் ஜெனரேட்டரின் உதவியோடு இருட்டிலிருந்தே தொடங்கும்படியும் அமைக்கலாம்.

இன்னொரு பக்கம் பகல் வெயில். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரை சோலாரைப் பகல் மூன்று மணிவரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் கூரையில் பணம் போட்டவர்களுக்கு அது எரிச்சல்தான். ஆனால் மின்தேவை குறைந்த நாளில் நிலக்கரி அலகை ஓரளவுக்குக் கீழே இறக்கினால் சுடர் தளம்பும், டீசல் ஊற்றித்தான் தாங்கவேண்டும். நிறுத்திவிட்டால் இரவு உச்ச நேரத்துக்குத் திரும்ப வருவது நிச்சயமில்லை. இரண்டு கேஸ் டர்பைன்களில் ஒன்றைக் காலையில் நிறுத்தி மாலையில் எழுப்புவது அன்றாட வேலை.

குறையும் சொல்லவேண்டும். கேஸ் டர்பைனின் சூடான பாகங்களுக்கு ஆயுள் மணிக்கணக்கில் மட்டுமல்ல, தொடக்கங்களின் கணக்கிலும் குறையும். முழுச் சுமையில் ஒரு திடீர் நிறுத்தம் எட்டுத் தொடக்கங்களுக்குச் சமம் என்று கணக்கிடும் தயாரிப்பாளர் உண்டு. அந்தப் பிளேடுகள் இங்கே வார்க்கக்கூடியவையும் அல்ல. பெரிய குறை எரிபொருள். இயற்கை எரிவாயு இறக்க இலங்கையில் முனையம் இல்லாததால் கெரவலப்பிட்டிய எண்ணெயில் ஓடுகிறது. கனரக எண்ணெயில் உள்ள வனேடியம் பிளேடை அரிக்கும். மக்னீசியம் கலந்து தடுத்தால் அது சாம்பலாகப் படியும், அடிக்கடி நிறுத்திக் கழுவவேண்டும். 2011இல் மன்னார்க் கடலில் கண்டுபிடித்த எரிவாயு இன்னும் கரை சேரவில்லை. எரிவாயுவே வராமல், டீசலிலேயே பகல் இரவாக ஓட்டப்போகிறோம் என்றால் எங்கள் கணக்கும் மாறும். அந்தச் செலவுக்கு நிலக்கரியின் மெத்தனத்தையே பொறுத்துக்கொள்ளலாம். எரிவாயு எந்த விலைக்கு இங்கே வந்து இறங்கும் என்பதும் நீண்டகால ஒப்பந்தம் ஒன்று கையில் வந்த பிறகே பேசக்கூடியது.