குன்னூர் மழையும் காயாத கை உறையும்

கோவையில் நடந்த அறுவை சிகிச்சையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. 40 கிலோ இளைத்த பிறகு மேல்கையில் தொங்கிய தோலை வெட்டி எடுத்தார்கள். அக்குளிலிருந்து முழங்கை வரை உட்புறமாகத் தையல், கைக்கு ஒன்றாக நீர் வடியும் குழாய், நான்காம் நாள் குழாயும் போயிற்று. கனடாவில் நான் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசுக் காப்பீடு அழகுக்கான அறுவைக்குப் பணம் தராது. அதனால்தான் ஊருக்கு வந்தேன். என் பாடெல்லாம் அதற்குப் பிறகு, குன்னூரில் அம்மா வீட்டில், ஒரு துணியோடு.

அழுத்த உறை என்று சீட்டில் எழுதியிருந்தது. இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்து, முதுகில் பட்டையாகச் சேரும் எலாஸ்டிக் சட்டை. வீக்கம் வடிய 6 வாரம் இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும், குளிக்க மட்டும் கழற்றலாம். இவ்வளவு சொன்னவர்கள் கொடுத்தது ஒன்றே ஒன்று. "துவைத்து நிழலில் உலர்த்தவும்." ஐப்பசி மாதக் குன்னூரில் நிழலுக்கா பஞ்சம்? காலையில் துவைத்துப் போட்டது மாலையில் இன்னும் கொஞ்சம் நனைந்திருந்தது. டொராண்டோவில் ஹீட்டர் பக்கம் தொங்கவிட்டால் தூங்கி எழுவதற்குள் காய்ந்திருக்கும்.

இன்னொன்று வாங்கலாம் என்று மவுண்ட் ரோட்டில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடையில் முழங்காலுக்குப் போடும் உறையை எடுத்துவைத்து, "இதே ரப்பர்தான் மேடம், கைக்கும் வரும்" என்றார்கள். அடுத்த கடையில் நரம்புச் சுருட்டலுக்கான நீளக் காலுறை. "காலில்லை, கை" என்று தூக்கிக் காட்டவும் முடியவில்லை. தோளுக்கு மேல் கையை உயர்த்த இன்னும் இரண்டு வாரம் தடை. மூன்றாவது கடைப் பெரியவர் மட்டும் அளவு நாடாவை எடுத்து, அக்குள் பக்கம், நடுவில், முழங்கை என்று மூன்று இடத்தில் அளந்து கோவைக்குப் போன் செய்தார். தீபாவளி விடுமுறையாம், திங்கட்கிழமைதான் பஸ்ஸில் அனுப்புவார்களாம்.

அந்த மூன்று நாளும் அம்மாவின் ராஜ்ஜியம். கணப்புச் சட்டியில் கரித்தணல், மேலே கவிழ்த்த மூங்கில் கூடை, அதன்மேல் என் உறை. என் பிள்ளைத்துணியெல்லாம் இப்படித்தான் காய்ந்ததாம். சூட்டில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும் என்று நான் கத்த, "நீ தளர்ந்ததற்குத்தானே இதைப் போட்டிருக்கிறார்கள்" என்றார். தலை பின்னவும் அவர்தான். வாளியைத் தூக்கக் கூடாது, முன்கையின் உட்புறம் மரத்துக் கிடந்தது, இருமினால் தையல் சுரீரென்றது. மூன்று வார விடுப்பில் இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வராதீர்கள். தழும்பின் சிவப்பு வெளிற ஒரு வருடம்வரை ஆகும் என்பதையும் மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அத்தைக்குத்தான் அது தாங்கவில்லை. "தொங்கினால் ரவிக்கைக் கையை நீளமாகத் தைத்துக்கொள்வதுதானே?"

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். பர்லியாறு பக்கம் மரம் விழுந்ததாகச் சொன்னார்கள். வண்டி வந்தது. கண்டக்டர் தன் இருக்கைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஆனால் உள்ளே இருந்த புது உறையின் அளவு அவ்வளவு கச்சிதம். டொராண்டோவில் கண்காணிப்பு எண்ணோடு வரும் பார்சல் பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும்.

மறுவாரம் கோவைக்குத் தையலைக் காட்டப் போனேன். மருத்துவர் பழைய உறையைக் கையில் வாங்கி, மூக்கைச் சுளித்து, "புகை வாசம் வருகிறதே?" என்றார்.

"சாம்பிராணி, டாக்டர்" என்றார் அம்மா, இமைக்காமல்.