மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? ஒருங்கிணைந்த அறிவியலும் துறைவாரி அறிவியலும்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அறிவியலை எந்த வரிசையில் கற்பிப்பது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆறில் புவி அறிவியல், ஏழில் உயிரியல், எட்டில் இயற்பியலும் வேதியியலும் என்று ஆண்டுக்கொரு துறையாகப் பிரிப்பது முதலாவது. மூன்று ஆண்டுகளிலும் எல்லாத் துறைகளையும் எடுத்துக்கொண்டு, ஒரு கருத்து அடுத்த கருத்துக்குப் படியாக அமையும்படி கோப்பது இரண்டாவது. ஒருங்கிணைந்த கலைத்திட்டம் என்பது இதுதான். மூன்றாவது விடை தன் உண்மைப் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை. இயற்பியல் பாடங்கள் சில, வேதியியல் பாடங்கள் சில, உயிரியல் பாடங்கள் சில என்று ஒரே அட்டைக்குள் சேர்த்துத் தைத்து, மேலே ‘அறிவியல்’ என்று அச்சிட்டுவிடுவது அது. ஒருங்கிணைப்பைப் பழிப்பவர்களில் பலர் உண்மையில் பழிப்பது இந்த மூன்றாவதைத்தான். புகழ்பவர்களிலும் சிலர் இதைக் கையில் வைத்துக்கொண்டே புகழ்கிறார்கள்.

விவாதம் புதிதன்று. அறிவியல் கல்வியை ஒருங்கிணைப்பது பற்றி யுனெஸ்கோவின் ஆதரவுடன் பல்கேரியாவின் வர்ணா நகரில் 1968இலேயே பன்னாட்டு மாநாடு கூடியது. ஆயினும் முதல் இரண்டு வழிகளையும் ஒரே இடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதியான சான்று கலிஃபோர்னியா மாநிலம்தான். அங்கே 1998ஆம் ஆண்டின் பாடத் தரநிலைகள் மேலே சொன்ன முதல் வரிசையைப் பின்பற்றின. அமெரிக்காவில் 2013இல் வெளியான அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள் நடுநிலை வகுப்புகளுக்கு 59 எதிர்பார்ப்புகளை (மாணவர் செய்து காட்ட வேண்டியவற்றை) வகுத்தனவே தவிர, எதை எந்த வகுப்பில் வைப்பது என்று விதிக்கவில்லை. அவற்றை ஏற்றுக்கொண்ட கலிஃபோர்னியாவின் கல்வி வாரியம், அதே ஆண்டு நவம்பரில் ஒருங்கிணைந்த வரிசையைத் தன் விருப்பத் தேர்வாக அறிவித்தது. துறைவாரி வரிசையை மாற்று வழியாக விட்டுவைத்தது. ஆக, 59 எதிர்பார்ப்புகளும் இரண்டு வழிகளுக்கும் பொது. மாறுவது வரிசை மட்டுமே. அந்த வரிசை எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியிலிட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். முடிவில் மரம் ஏறத்தாழ 169 பவுண்டு இருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார். (‘கேஸ்’ என்ற சொல்லையே உருவாக்கியவர் அவர், எரியும் கரியிலிருந்து எழும் வாயுவை ஆராய்ந்தவர். அந்த வாயுதான் தம் மரத்துக்குள் புகுந்து கட்டையானது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.) இந்தச் சோதனையைச் சொல்லிவிட்டு, ‘எடை எங்கிருந்து வந்தது?’ என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தால் ‘மண்ணிலிருந்து’ என்ற விடைதான் முதலில் வரும். மண் குறையவில்லை என்று எண்களைக் காட்டினால் ‘தண்ணீரிலிருந்து’ என்பார்கள். காற்றிலிருந்து என்று சொல்ல மாணவருக்கு மூன்று செய்திகள் முன்கூட்டியே கைவசமாகியிருக்க வேண்டும்: காற்றுக்கும் எடை உண்டு, பொருள்கள் மூலக்கூறுகளால் ஆனவை, வேதிவினையில் அணுக்கள் இடம் மாறுமே ஒழியத் தோன்றவோ அழியவோ மாட்டா.

பழைய துறைவாரி வரிசையில் ஒளிச்சேர்க்கை ஏழாம் வகுப்பு உயிரியலில் வரும். மூலக்கூறும் வேதிவினையும் முறையாக வருவது எட்டில். எனவே ஏழாம் வகுப்பு மாணவருக்குக் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து குளுக்கோஸும் ஆக்சிஜனும் ஆகும் என்ற சமன்பாடு மனப்பாடச் செய்யுளாகவே நிற்கிறது. தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். மரத்தின் எடைக் கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காது. ஒருங்கிணைந்த வரிசையில் அணு, மூலக்கூறு, வேதிவினை, ஒளிச்சேர்க்கை, உணவுச் சங்கிலியில் பொருளின் சுழற்சி ஆகியவை ஏழாம் வகுப்பில் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. பொருண்மை அழியா விதியைச் சோடா மாவும் வினிகரும் கொண்டு மூடிய புட்டியில் நிறுத்துப் பார்த்த கை, சில வாரங்களிலேயே அதை மரத்தின்மீது பயன்படுத்திப் பார்க்கிறது. வானிலைப் பாடத்திலும் இதே கதைதான். சூடான காற்று மேலெழுகிறது என்பதைப் பழைய வரிசை ஆறாம் வகுப்பில் நம்பச் சொல்லிவிட்டு, அடர்த்தியை எட்டில் விளக்கியது. புதியது வெப்பத்தையும் வானிலையையும் ஆறாம் வகுப்பிலேயே சேர்த்து வைக்கிறது.

இத்துடன் நிறுத்தினால் ஒருங்கிணைப்புக்கே தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் துறைவாரி முறைக்கு உரிய வலிமை ஒன்று உண்டு. அது நீடித்த கவனம். விசையும் இயக்கமும் போன்ற பாடத்துக்கு, வண்டியைச் சாய்தளத்தில் உருட்டி, நேரம் எடுத்து, வரைபடம் வரைந்து, தவறு கண்டு, மறுபடியும் உருட்டும் தொடர்ச்சியான வாரங்கள் தேவை. சிறுகோள் மோதல் என்ற கவர்ச்சியான கருப்பொருளில் இந்தப் பாடத்தைப் பொருத்தினால், நியூட்டனின் மூன்றாம் விதி மாணவரின் மனத்தில் ஊன்றுவதற்கு முன்பே பேச்சு டைனோசருக்குத் தாவிவிடும் அபாயம் இருக்கிறது. கருப்பொருள் கருத்தைத் தூக்கிச் செல்லும் வண்டியாக இருக்கும்வரை நல்லது. வண்டியை அலங்கரிப்பதே வேலையாகிவிட்டால் அது கண்காட்சி. ஒருங்கிணைந்த பாடநூல்களில் நான் முதலில் தேடுவது இந்தக் கோளாறைத்தான்.

இரண்டு முறைகளும் எதிரெதிராக நிற்கும் இன்னோர் இடம் ஆற்றல். உணவில் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, பிணைப்புகள் உடையும்போது அது வெளிவருகிறது என்று உயிரியல் வகுப்பில் சொல்லப்படுவது வழக்கம். பிணைப்பை உடைக்க ஆற்றலைச் செலவிட வேண்டும், புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும் என்பது வேதியியல். இரண்டாவதுதான் சரி, உணவு ஆக்சிஜனுடன் சேர்ந்து வலுவான பிணைப்புகள் கொண்ட கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆவதால் மிஞ்சுவதே உடலுக்குக் கிடைக்கும் ஆற்றல். துறைவாரிப் பள்ளியில் இந்த இரண்டு கூற்றுகளையும் இரண்டு ஆசிரியர்கள், ஓராண்டு இடைவெளியில், ஒருவர் சொன்னதை மற்றவர் அறியாமலே சொல்லிவிட்டுப் போகலாம். முரண்பாட்டைச் சுமப்பவர் மாணவர். ஒருங்கிணைந்த வகுப்பில் ஒரே ஆசிரியர் ஒரே பருவத்தில் இரண்டையும் பேச வேண்டியிருப்பதால், தம் வாக்கியத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் கட்டாயம் ஏற்படுகிறது.

அந்த ‘ஒரே ஆசிரியர்’ என்பதில்தான் இந்த முறையின் உண்மையான செலவு ஒளிந்திருக்கிறது. தாவரவியல் படித்து, பத்தாண்டுகள் உயிரியலே நடத்தியவர், அடுத்த பருவத்தில் மின்சுற்றை இணைத்துக் காட்ட வேண்டும். விளக்கு எரியாதபோது காரணம் மின்கலமா, இணைப்பா, விளக்கா என்று வகுப்பின் முன்னால் நின்று கண்டுபிடிக்கும் தைரியம் இரண்டு நாள் பயிற்சி முகாமில் வந்துவிடாது. இதற்கு நான் அறிந்த ஒரே நடைமுறைத் தீர்வு, வெவ்வேறு துறை படித்த இரண்டு மூன்று ஆசிரியர்களுக்கு வாரம் ஒரு பாடவேளையைக் கூடித் திட்டமிடவென்றே கால அட்டவணையில் ஒதுக்குவது. அதை ஒதுக்க இயலாத பள்ளி, ஒருங்கிணைந்த நூலை வாங்கினாலும் கடைசியில் மூன்றாவது விடையிலேயே வந்து நிற்கும். தெரிந்த பாடங்கள் விரிவாக நடக்கும், தெரியாதவை வாசித்துக் கடக்கப்படும்.

அந்த மூன்றாவது விடையையும் முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஜப்பானின் கீழ்நிலை உயர்பள்ளிகளில் (ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை) அறிவியல் ஒரே பாடம்தான். ஆனால் இயற்பியலும் வேதியியலும் முதல் பிரிவு, உயிரியலும் புவி அறிவியலும் இரண்டாம் பிரிவு என்று அது வெளிப்படையாகவே பகுக்கப்பட்டிருக்கிறது. எதையும் மறைக்காத இந்த ஏற்பாட்டில் ஒவ்வோர் ஆண்டும் எல்லாத் துறைகளும் தொடப்படுவதால், ஆறில் படித்த புவி அறிவியலை எட்டில் மறந்துவிடும் சிக்கல் குறைகிறது. கலிஃபோர்னியாவில் எட்டாம் வகுப்பில் நடக்கும் மாநிலத் தேர்வு மூன்று ஆண்டுப் பாடங்களையும் கேட்கிறது என்பதைப் பார்க்கும்போது, துறைவாரிப் பள்ளிகளின் தலைவலி புரியும்.

பள்ளி விட்டுப் பள்ளி மாறும் மாணவருக்குத் துறைவாரி முறை எளிது. எந்த ஆண்டில் எந்தத் துறை என்று கேட்டாலே போதும். சிறிய பள்ளியில், ஒரே அறிவியல் ஆசிரியர் மூன்று வகுப்புகளுக்கும் நடத்தும் இடத்தில், ஒருங்கிணைப்பு தயக்கமின்றி மேலானது. முன்னே என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியும். துறைக்கொரு தேர்ந்த ஆசிரியரும் நல்ல ஆய்வகமும் ஏற்கெனவே அமைந்திருக்கும் பெரிய பள்ளிக்கு, துறைகளை வைத்துக்கொண்டே வரிசையை மட்டும் மாற்றி, இயற்பியலையும் வேதியியலையும் ஆறாம் வகுப்பிலேயே வைக்கும்படிதான் நான் சொல்வேன். மரத்தின் எடைக் கேள்விக்கு வேண்டிய முன்னறிவு அதிலும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அணுவைப் பதினொரு வயதில் சந்திக்கும் சுமை கூடுகிறது, அதற்கேற்பப் பாடத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எந்த வழிக்கு மாறினாலும் மூன்று வகுப்புகளிலும் ஒரே ஆண்டில் மாற்றுவது பிழை. பழைய வரிசைப்படி ஆறில் புவி அறிவியலை முடித்த மாணவர், புதிய வரிசையின் ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தால், பாறைகளை மறுபடியும் படிப்பார். புதிய ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட உயிரணுவும் உடல் மண்டலங்களும் அவர் கண்ணிலேயே படாமல் போகும். முதலாண்டில் ஆறாம் வகுப்பை மட்டும் மாற்றி, அந்த அணி மேலேறும்போது ஏழையும் எட்டையும் மாற்றினால் மூன்று ஆண்டுகள் பிடிக்கும். இரண்டு வகை நூல்களும் இரண்டு வகைத் தேர்வுத் தாள்களும் அதுவரை ஒரே ஆசிரியர் அறையில் கிடக்கும்.