பழைய செங்கல் மதிலைப் பிரித்துக் கட்டக் கொடுக்கும் முன் கற்களை எண்ணிவிடுங்கள்

எங்கள் தோட்டத்து மதில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். நடுப்பகுதி வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டதால், அதைப் பிரித்து, அதே கற்களைக் கொண்டு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டித் தரும்படி ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தேன். வேலை முடிந்த அன்று சுவர் நூல் பிடித்தாற்போல் நின்றது. மீதித் தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் அதே சுவர் நடுவில் வயிறு தள்ளியதுபோல் புடைத்துக்கொண்டது. வேறொரு கொத்தனாரை அழைத்து மேல்வரிகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான், நான் எதற்குப் பணம் கொடுத்தேன் என்பது விளங்கியது.

பழைய மதிலில் ஒவ்வொரு வரியிலும் நீளவாக்கில் ஒரு கல், குறுக்குவாக்கில் ஒரு கல் என்று மாறி மாறி வரும். குறுக்குக்கல் சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவி, உள்முகத்தையும் வெளிமுகத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வது. வெளியே தெரிவது அதன் சிறிய முனை மட்டுமே. புதிய சுவரிலும் அந்த முனைகள் அதே இடங்களில் தெரிந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை முழுக்கற்கள் அல்ல. உடைந்த அரைக்கற்களை இருபக்கமும் முனை தெரிய வைத்து, நடுவில் சல்லியையும் சாந்துக் கழிவையும் போட்டு நிரப்பியிருந்தார்கள். அதாவது, ஒரு சுவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாத இரண்டு நாலரை அங்குலச் சுவர்கள். சுவரின் தலையில் மழைநீர் இருபுறமும் வழிந்தோடச் சரிவுக்கற்களைப் பதிக்காமல் வெறும் பூச்சோடு விட்டிருந்ததால், அந்தப் பூச்சில் விழுந்த வெடிப்பின் வழியே நீர் நேராக நடுவிலிருந்த குப்பைக்குள் இறங்கி, இரு முகங்களையும் தள்ளிப் பிரித்திருக்கிறது.

அரைக்கற்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு நானே சாட்சி. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. மேல்வரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கல்லாகத் தட்டினால் பெரும்பாலும் முழுதாகக் கழன்றுவரும், ஒட்டியிருக்கும் சாந்தையும் சுரண்டி எடுத்துவிடலாம். அவர்களோ கடப்பாரையால் அடிப்பகுதியை நெம்பி, கயிறு கட்டி இழுத்துச் சுவரை மொத்தமாகச் சாய்த்தார்கள். நான் தயங்கிக் கேட்டபோது, "பழைய கல்லுங்கய்யா, எப்படிப் பிரித்தாலும் பாதி உடையத்தான் செய்யும்" என்றார் ஒப்பந்தக்காரர். கட்டட வேலை தெரிந்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் "இடிபாடு" என்ற பெயரில் தார்ப்பாய் மூடிய வண்டி மூன்று முறை போயிற்று. வாசல் குறுகலானது என்பதால், பின்னோக்கி வந்த வண்டிக்குக் கையசைத்து வழிகாட்டியவனும் நானே.

பிறகு பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 12 மீட்டர் நீளம், 24 வரிகள், வரிக்கு 36 குறுக்குக்கற்கள். ஒரு குறுக்குக்கல்லுக்கு உள்ளும் புறமுமாக இரண்டு நீளக்கற்கள் சேரும் ஆகையால் வரிக்கு 108, மொத்தம் 2,592 கற்கள். குறுக்குக்கற்கள் எல்லாவற்றையும் அரைக்கற்களைக் கொண்டே ஒப்பேற்றினால், 864 முழுக்கற்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு, சுவருக்குள் போக வேண்டியதில்லை. நன்கு வெந்த பழைய செங்கல்லுக்கு விலை கொடுக்க ஆள் உண்டு என்பதை நான் அறியேன், அவர் அறிந்திருந்தார். இந்தக் கணக்கைப் பிரிப்பதற்கு முன்னால் போட்டு, கழற்றிய கற்களை அடுக்கி எண்ணிக் காட்டச் சொல்லியிருந்தால் அந்த வண்டி வந்திருக்காது.

சாய்ந்ததற்கான காரணத்தையும் அவர் பார்க்கவில்லை. செடிகளுக்காக ஆண்டுக்கணக்கில் கொட்டிய மண் உள்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. ஈரமண்ணின் தள்ளுதலைத் தாங்குவதற்காகக் கட்டிய சுவர் அல்ல அது. மண்ணை அகற்றாமலும் கடைக்காலைத் தோண்டிப் பார்க்காமலும் அதன் மேலேயே கட்டிவிட்டார்கள்.

நான் முறையிட்டபோது, "நீங்கள் மண்ணைக் கொட்டினீர்கள், அது சுவரைத் தள்ளிவிட்டது" என்று பழியை என்மீதே திருப்பினார். ஒப்பந்தத்தாளில் இருந்தது "பழைய கற்களைக் கொண்டு மதிலைத் திரும்பக் கட்டித் தருவது" என்ற ஒரே வரி. குறுக்குக்கற்கள் முழுதாக இருக்க வேண்டும் என்றோ, எந்தச் சாந்து என்றோ, மிஞ்சும் கற்கள் யாருக்கு என்றோ அதில் ஒரு சொல்கூட இல்லை. கட்டும்போது எடுத்த படங்களும் என்னிடம் இல்லை. நாளுக்கு நான்கைந்து வரி ஏறியதும் மேலிருந்து ஒரு படம் எடுத்திருந்தால், சுவரின் நடுப்பகுதி அதில் அப்படியே தெரிந்திருக்கும். மாலையில் தெருப்பக்கம் நின்று முகப்பை மட்டுமே ரசித்துக்கொண்டிருந்தேன்.

இவற்றையெல்லாம்விட எனக்கு ஆறாதது சிமெண்ட். சுண்ணாம்பு என்று பேசியிருந்த இடத்தில், வேலை விரைவில் முடிய வேண்டும் என்பதற்காகக் கடுமையான சிமெண்ட் கலவையைப் போட்டிருக்கிறார்கள். சிமெண்டைவிட மென்மையான பழைய கல்லின் ஈரம், இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லின் வழியாகவே வெளியேறுகிறது. உப்புப் பூத்து, கற்களின் முகம் செதில் செதிலாக உதிரத் தொடங்கியிருந்தது. இப்போது மறுபடியும் பிரிக்கும்போது கல் உடைகிறதே தவிரச் சாந்து விடுவதில்லை. புதிய கொத்தனார் நான்கு நாள் பொறுமையாகத் தட்டியும் முழுதாக மீண்டவை சுமார் 400 கற்களே. அவற்றை மரத்தடியில் அடுக்கி, எண்ணிக்கையைச் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறேன். மதில் இருந்த இடத்தில் இப்போது தகரம் அடைத்திருக்கிறது.